பழைய ஒன்பிளஸ் 6-ல் லினக்ஸ்: அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுபடுமா?

கேள்வி: சென்னையில் இருக்கிறேன், ஜியோ சிம். சும்மா கிடக்கும் ஒன்பிளஸ் 6 ஒன்று இருக்கிறது. அதில் லினக்ஸ் போட்டு ஆண்ட்ராய்டை அடியோடு விட்டுவிட முடியுமா? போன் பேசணும், ஓடிபி வரணும், வாட்ஸ்அப், ஜிபே, கேமரா வேண்டும். அவ்வளவுதான். அல்லது லினக்ஸுக்கென்றே செய்த பைன்போன் வாங்கிவிடுவது நல்லதா?

பதில்:

போன் பொருத்தமானதுதான். இடிப்பது சிம். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் பிராசஸர், ரேம் என்று ஆரம்பிப்பார்கள். ஆனால் இந்தியாவில் லினக்ஸ் போனுக்கு மாற நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது, தன் நெட்வொர்க் குரல் அழைப்பை எந்த வழியில் அனுப்புகிறது என்பதைத்தான்.

ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது. 2016-ல் ஆரம்பித்தபோதே 4ஜி மட்டும்தான். ஆகவே அங்கே ஒவ்வொரு அழைப்பும் வோல்ட்இ (குரலையும் 4ஜியிலேயே அனுப்பும் முறை) வழியாகவே போயாக வேண்டும். ஆண்ட்ராய்டில் இந்த வோல்ட்இ வேலையைச் செய்வது, சிப் நிறுவனமும் போன் நிறுவனமும் சேர்ந்து வைத்திருக்கும் மூடிய மென்பொருள். லினக்ஸ் பக்கம் மோடத்தோடு, அதாவது போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாகத்தோடு, பேசுவது பெரும்பாலும் மோடம்மேனேஜர் என்ற சேவை. டேட்டா, எஸ்எம்எஸ், பழைய பாணி 2ஜி–3ஜி அழைப்பு ஆகியவற்றை அது நன்றாகவே பார்த்துக்கொள்ளும். வோல்ட்இ-க்கான பதிவு வேலை மட்டும் பெரும்பாலான போன்களில் நம்பும்படியாக வந்து சேரவில்லை. விளைவு: ஜியோ சிம்மைப் போட்டால் இணையம் ஓடும், ஆனால் அழைப்பு போகாது, வராது. ஓடிபிக்கும் அந்த சிம்மை நம்ப வேண்டாம்.

ஏர்டெல் 2020-ல் 3ஜியை மூடிவிட்டது, ஆனால் 2ஜியை வைத்திருக்கிறது. வோல்ட்இ இல்லாத போனுக்கு அழைப்பு வந்தால் நெட்வொர்க்கே அதை 4ஜியிலிருந்து 2ஜிக்கு இறக்கிவிடும், மணி அடிக்கும். வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் இரண்டிலும் 2ஜி உண்டு. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை: அழைப்பு சேர சில விநாடி கூடுதலாகும், பேசும்போது டேட்டா நின்றுவிடும், குரலும் பழைய நோக்கியா காலத்துத் தரத்தில்தான் இருக்கும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தக் குறுக்கு வழியும் கிடையாது. அங்கே 2ஜி 2017-லும் 3ஜி 2024-லும் போய்விட்டன. மலேசியாவில் 3ஜி 2021-ல் மூடப்பட்டாலும் 2ஜி மிச்சம் இருக்கிறது.

ஒரு எழுத்தைக்கூட அழிக்காமல் இதைச் சோதிக்கலாம். ஏர்டெல் சிம் ஒன்றை ஆண்ட்ராய்டு இருக்கும் நிலையிலேயே ஒன்பிளஸில் போட்டு, சிம் அமைப்புகளில் வோல்ட்இ சுவிட்சை அணைத்துவிடுங்கள். வைஃபை அழைப்பையும் அணையுங்கள், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். ஒரு வாரம் வீடு, அலுவலகம், ரயில் என்று வழக்கமாகப் போகும் இடங்களில் எல்லாம் பேசிப் பாருங்கள். லினக்ஸில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் அழைப்புத் தரம் அதுதான். அந்த வாரம் தாங்கவில்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஜிபே. இதற்கு நேரடியான பதில்: லினக்ஸ் போனில் யுபிஐ செயலி ஓடாது, ஓடும் என்று எதிர்பார்த்து மாறாதீர்கள். ஆண்ட்ராய்டு செயலிகளை லினக்ஸில் ஓட்ட வேட்ராய்டு இருக்கிறது. லீனியேஜ்ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு வடிவத்தை ஒரு கன்டெய்னருக்குள், அதாவது தனித்த பெட்டி போன்ற சூழலுக்குள், வைத்து ஓட்டும் ஏற்பாடு அது. போனின் சிப்பும் ஆர்ம் வகை, செயலிகளும் அந்த வகைக்கே எழுதியவை என்பதால் வேகத்தில் குறை தெரியாது. ஆனால் அந்தக் கன்டெய்னருக்கு மோடம் தெரியாது. யுபிஐ செயலியோ பதிவின்போது உங்கள் சிம்மிலிருந்து தானாகவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் எண்ணைக் கணக்கோடு கட்டுகிறது. வேட்ராய்டுக்குள் இருந்து அந்த எஸ்எம்எஸ் போகவே போகாது. அந்தப் படியைத் தாண்டினாலும் பூட்லோடரின் (போனை எழுப்பும் முதல் மென்பொருள்) பூட்டு திறந்த கருவி, கூகுள் சான்று இல்லாத கருவி என்று சொல்லி வங்கிச் செயலிகள் கதவைச் சாத்திவிடும். கூகுள் பக்கத்தில் கருவி எண்ணைப் பதிவு செய்தால் பிளே ஸ்டோர் திறக்கும் என்பது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு வங்கிச் செயலியும் திறக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு சோதனை.

மிச்சம் இருப்பது *99#, அதாவது எண் அழுத்தி மெனு வழியாகப் பணம் அனுப்பும் சேவை. இணையமே வேண்டாம், வங்கியில் பதிந்த சிம் இருந்தால் போதும், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். மோடம்மேனேஜருக்கு இந்த எண் அழுத்தும் முறை (யுஎஸ்எஸ்டி) தெரியும் என்பதால் 2ஜி உள்ள சிம்மோடு லினக்ஸ் போனிலிருந்தும் இதை முயலலாம். அவசரத்துக்கு ஆகும். டீக்கடையில் நின்று மெனு மெனுவாக எண் அழுத்திக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. நெட்பேங்கிங், டிஜிலாக்கர், ஐஆர்சிடிசி, ஊபர் எல்லாம் உலாவியிலேயே வேலை செய்யும், ஓடிபி எஸ்எம்எஸ் வந்தால் போதும்.

ஆகவே என் பரிந்துரை இதுதான். ஜியோ எண் வங்கியில் பதிந்ததாக இருந்தால் அதை ஏர்டெலுக்கு மாற்றவும் வேண்டாம், லினக்ஸ் போனுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். இப்போது கையில் இருக்கும் ஆண்ட்ராய்டிலேயே யுபிஐ, வாட்ஸ்அப் இரண்டோடும் அது இருக்கட்டும். புதிதாக ஒரு ஏர்டெல் சிம் வாங்கி ஒன்பிளஸில் போடுங்கள். வாட்ஸ்அப்பை லினக்ஸ் போனின் உலாவியில் இணைத்த கருவியாகத் திறந்துகொள்ளலாம். ஆனால் 14 நாளுக்கு மேல் முதன்மைப் போனில் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். ஒரே போன்தான் என்று பிடிவாதமாக இருந்தால் வேட்ராய்டில் வாட்ஸ்அப்பை நிறுவலாம். ஓடிபியை லினக்ஸ் பக்கம் பார்த்துக் கையால் அடித்துப் பதிந்துகொள்ளலாம். வேட்ராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் செய்தி வரும். போன் தூங்கினால் அதுவும் தூங்கிவிடும்.

இனி எந்த லினக்ஸ் என்பது. இதில் இரண்டு பாதை இருக்கிறது, வித்தியாசம் புரியாமல் இறங்கினால் ஏமாற்றம்தான்.

முதல் பாதையில் கூகுளோ போன் நிறுவனமோ கொடுத்த ஆண்ட்ராய்டு கெர்னலையும் (சிஸ்டத்தின் மையப் பகுதி) டிரைவர்களையும் (போனின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) அப்படியே அடியில் வைத்து, மேலே லினக்ஸை ஏற்றுகிறார்கள். நடுவில் ஹேலியம் என்ற அடுக்கு. உபுண்டு டச் இந்த வகை. கேனானிகல் 2013-ல் அறிவித்து 2017 ஏப்ரலில் கைவிட்டதை யூபிபோர்ட்ஸ் சமூகம் எடுத்து நடத்துகிறது. கேமரா, தூக்கம், பேட்டரி எல்லாம் ஓரளவு ஆண்ட்ராய்டுபோலவே இருக்கும், டிரைவர் அதே டிரைவர்தானே. கெர்னல் மட்டும் போன் வெளிவந்த காலத்தது, அதற்கு மேல் போகாது. சிஸ்டம் பகுதி எழுத முடியாதபடி பூட்டியிருக்கும், டெஸ்க்டாப்போல நினைத்ததை நினைத்தபடி நிறுவ முடியாது.

இரண்டாம் பாதையில் அசல் லினக்ஸ் கெர்னலே ஓடும். 2017-ல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இதற்கு முதல் பெயர். ஆல்பைன் லினக்ஸ் அடிப்படை. டெபியன் பழகியவர்களுக்கு மோபியன் உண்டு. ஒன்பிளஸ் 6, 6டி, போக்கோ எஃப்1 மூன்றும் 2018-ல் வந்தவை, மூன்றிலும் ஸ்னாப்டிராகன் 845. அந்தச் சிப்புக்கு அசல் கெர்னலில் நல்ல ஆதரவு சேர்ந்திருப்பதால்தான் இந்த மூன்றும் லினக்ஸ்காரர்களிடம் இத்தனை பேசப்படுகின்றன. கிராபிக்ஸுக்கு ஃப்ரீட்ரீனோ என்ற திறந்த டிரைவர், திரை வழுக்கிக்கொண்டு ஓடும். வைஃபை, புளூடூத், டேட்டா, எஸ்எம்எஸ், அழைப்பு எல்லாம் உண்டு. கைரேகை வாசிப்பான் வேலை செய்யாது. கேமரா அரைகுறைதான், படம் வரும், ஆனால் கல்யாண வீட்டுக்குப் போய் அதை நம்பி நிற்காதீர்கள்.

கேமரா வேண்டும் என்று நீங்கள் கேட்டிருப்பதால் இதே ஒன்பிளஸ் 6-க்கு இருக்கும் உபுண்டு டச் போர்ட்டை (அந்தப் போனுக்கென்று பொருத்திய பதிப்பை) முதலில் முயலுங்கள் என்றுதான் சொல்வேன். யூபிபோர்ட்ஸ் இன்ஸ்டாலர் கணினியில் படிப்படியாகக் கேட்டு வேலையை முடித்துவிடும், ஆனால் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று அந்தப் போனின் பக்கத்தில் போட்டிருப்பதை மீறாதீர்கள். பிக்சல் 3ஏ-க்கு ஆண்ட்ராய்டு 9-க்கு இறங்கி வரச் சொல்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது: மேலே ஏற்றும் லினக்ஸ் அந்தப் பதிப்பின் டிரைவர் கோப்புகளைத்தான் எதிர்பார்க்கிறது. கூடக்குறைய இருந்தால் சென்சாரோ ஒலியோ ஊமையாகிவிடும். லினக்ஸைக் குடைந்து பார்க்கும் ஆசைதான் பெரிது என்றால் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ். அதை நிறுவுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆண்ட்ராய்டை அந்தப் போனுக்கு வந்த கடைசிப் பதிப்புவரை, அதாவது ஆண்ட்ராய்டு 11 வரை, புதுப்பித்துவிடுங்கள். மோடத்தின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் ஆண்ட்ராய்டு பிரிவுகளிலிருந்துதான் வருகிறது. *#06# அழுத்தி, போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிம் அமைப்பில் இருக்கும் ஏபிஎன் (டேட்டா இணைப்பு முனை) பெயரையும் எழுதிவையுங்கள், லினக்ஸில் டேட்டா தானாக வராவிட்டால் கையால் அடிக்க வேண்டியிருக்கும். பிறகு டெவலப்பர் அமைப்பில், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கை இயக்கி, போனை அணைத்து, ஒலிக்கூட்டும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஃபாஸ்ட்பூட் திரை (கணினியிலிருந்து கமாண்டு ஏற்கும் நிலை) வரும். கணினியில் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் இருக்க வேண்டும். ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக் கமாண்டு கொடுத்ததும் போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். வாட்ஸ்அப் பேக்கப், படங்கள் எல்லாம் அதற்கு முன்னாலேயே வெளியே போயிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் தாண்டிவிடும் படி ஒன்று உண்டு. டிடபிள்யூஆர்பி என்ற மீட்புக் கருவியை (ரெக்கவரி) நிறுவாமல் தற்காலிகமாக பூட் செய்து, பெர்சிஸ்ட், மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2 ஆகிய மூன்று பிரிவுகளையும் அப்படியே நகலெடுத்துக் கணினியில் பத்திரப்படுத்துங்கள். ஐஎம்இஐ-யும் ரேடியோ அளவுத்திருத்தமும் அங்கேதான் இருக்கின்றன. அது கெட்டால் போன் வெறும் வைஃபை டேப்லெட்தான், வேறொரு போனின் நகலை ஏற்றி மீட்க முடியாது.

அடுத்து போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் தளத்தில் ஒன்பிளஸ் 6-க்கான படிமக் கோப்புகளை (சிஸ்டம் முழுதும் அடங்கிய கோப்புகள்) எடுங்கள். இந்தப் போனின் குறிப்பெயர் என்சிலாடா, 6டி-க்கு ஃபஹீட்டா. மாற்றி எடுத்தால் திரை வராது. போஷ், பிளாஸ்மா மொபைல், க்னோம் மொபைல் என்று முகப்புகள் பல. முதல் தடவைக்கு போஷ் போதும், எட்ஜ் (சோதனைப் பதிப்பு) என்று போட்டிருப்பதைத் தொடாமல் நிலையான வெளியீட்டை எடுங்கள். பூட் படிமம் ஒன்று, ரூட் படிமம் ஒன்று என இரண்டு கோப்பு இருக்கும். இரண்டும் எக்ஸ்இசட் முறையில் சுருக்கப்பட்டவை, விரித்த பிறகே ஏற்ற வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் ஃபாஸ்ட்பூட்டில் டிடிபிஓ பிரிவை அழிக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் டிவைஸ் ட்ரீ (போனில் என்னென்ன பாகங்கள் என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) ஒட்டுகள் அங்கே இருக்கின்றன. அழிக்காவிட்டால் பூட்லோடர் அவற்றை அசல் லினக்ஸின் டிவைஸ் ட்ரீ மேல் ஒட்டப் பார்க்கும், கெர்னல் எழுந்திருக்காது. ஒன்பிளஸ் சின்னத்தோடு திரை உறைந்து நின்றால் பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணம். மிச்சம் ஒரு முறை சிஸ்டத்தை இரண்டு பிரதியாக வைக்க ஏ, பி என்று இரண்டு ஸ்லாட் இருப்பதில் வரும் குழப்பம்: ஒரு ஸ்லாட்டில் பூட் படிமத்தை ஏற்றிவிட்டு மற்றொன்றிலிருந்து போன் எழுந்திருக்கும். செயல்படும் ஸ்லாட்டை ஏ என்று நீங்களே அமைத்து, அதிலேயே எல்லாவற்றையும் செய்யுங்கள். பூட் படிமம் பூட் பிரிவுக்கு, ரூட் படிமம் யூசர்டேட்டா பிரிவுக்கு. பிறகு ரீபூட்.

ஆயத்தப் படிமத்தின் கடவுச்சொல் 147147. உலகத்துக்கே தெரிந்தது என்பதால் முதல் வேலையாக மாற்றுங்கள். பூட்டுத்திரையில் எண்கள்தான் எளிது, ஆகவே நீளமான எண்ணாக வையுங்கள். ஆயத்தப் படிமத்தில் சேமிப்பகம் குறியாக்கம் ஆகியிருக்காது. பூட்லோடர் வேறு திறந்திருக்கிறது, போன் தொலைந்தால் எடுத்தவர் எல்லாவற்றையும் படித்துவிடலாம். இது வேண்டாம் என்றால் பிஎம்பூட்ஸ்ட்ராப் கருவியால் முழு வட்டுக் குறியாக்கத்தோடு நீங்களே படிமம் கட்டிக்கொள்ள வேண்டும். அன்றாடப் போன் என்றால் கட்டாயம் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன்.

சிம்மை முதல் சிம் இடத்தில் மட்டும் போடுங்கள். இரண்டு சிம் போட்டாலோ இரண்டாவதில் போட்டாலோ மோடம் சிம்மைக் கண்டுகொள்ளாமல் இருப்பது இந்தச் சிப்பில் அடிக்கடி நடக்கும். அழைப்பு சேர்ந்து குரல் மட்டும் கேட்காவிட்டால் கியூ6வாய்ஸ்டி என்ற சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். மோடத்துக்கும் ஒலிச் சிப்புக்கும் நடுவே குரல் பாதையைத் திறப்பது அதுதான். நேரம் இன்னொரு விசித்திரம்: குவால்காம் சிப்பின் கடிகாரத்தை லினக்ஸால் படிக்க முடியும், திருத்தி எழுத முடியாது. வித்தியாசத்தைத் தனியே குறித்துவைத்துச் சரிக்கட்டும் ஏற்பாடு இருக்கிறது. அது பிசகினால் போன் எழுந்ததும் பழைய தேதி காட்டும், பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று எந்த இணையதளமும் திறக்காது. நெட்வொர்க் நேரம் வந்ததும் சரியாகிவிடும்.

பேட்டரி 3,300 எம்ஏஎச், அதுவும் 2018-ல் செய்தது. புதுச் செய்தி வந்ததும் போனை எழுப்பும் கூகுளின் மையச் சேவை (புஷ்) போன்ற ஒன்று இங்கே இல்லாததால் உங்களுக்கு இரண்டே தேர்வு: போனை விழிப்பில் வைத்துச் செய்திகளை உடனே பெறுவது, அல்லது தூங்கவிட்டுச் சார்ஜைக் காப்பாற்றுவது. தூங்கும் போனை அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் எழுப்பும், சாட் செய்தி எழுப்பாது. சாதாரணக் கடிகாரச் செயலியில் வைத்த அலாரமும் தூக்கத்தில் அடிக்காமல் போகலாம். காலை ரயிலுக்கு மேசைமேல் தனியாக ஒரு கடிகாரம் வையுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மதியம் ஒரு சார்ஜ் போட வசதி இருந்தால் விழிப்பிலேயே வைத்துக்கொள்வது நிம்மதி.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும். விசைப்பலகையில் தமிழ் இல்லாவிட்டால் போஷின் விசைப்பலகையான ஸ்க்வீக்போர்டுக்கு யாமல் என்ற உரைக்கோப்பு வடிவில் உங்கள் தளவமைப்பை எழுதி அதற்கான கோப்புறையில் போட்டுவிடலாம், ஒரு மாலை வேலை. வழிகாட்டலுக்கு ஆர்கானிக் மேப்ஸில் தமிழ்நாட்டு வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மொசில்லாவின் இருப்பிடச் சேவை 2024-ல் நின்றதிலிருந்து வைஃபையை வைத்து இடம் கணிப்பது முன்போல் இல்லை. ஜிபிஎஸ் பிடிக்க வெட்டவெளியில் சில நிமிடம் ஆகலாம், கிளம்பும் முன்னாலேயே ஆன் செய்யுங்கள்.

பைன்போன் வேண்டாம். அதில் இருப்பது ஆல்வின்னர் ஏ64, 2 அல்லது 3 ஜிபி ரேம். மின்னஞ்சல் திறப்பதற்கே மூச்சு வாங்கும். பின்மூடியைத் திறந்தால் மோடம், வைஃபை, மைக் எல்லாவற்றையும் தனித்தனியே துண்டிக்கும் சிறு சுவிட்சுகள், கழற்றி மாற்றும் பேட்டரி என்று அதற்கென்று அழகுகள் உண்டு. கெர்னல் எழுதுகிறவருக்கு அருமையான பொருள். உங்களிடம் இருக்கும் ஒன்பிளஸ் வேகத்தில் அதைவிடப் பல படி மேலே.

திரும்பிப்போக வழி உண்டா என்றால், உண்டு. குவால்காமின் அவசர மீட்பு நிலையான ஈடிஎல்-க்குப் போனைக் கொண்டுபோய், விண்டோஸ் கணினியில் எம்எஸ்எம் டவுன்லோட் டூலை ஓட்டினால் அழித்த டிடிபிஓ உட்பட எல்லாம் பழையபடி வந்துவிடும். ஒன்றே ஒன்று: லினக்ஸ் உள்ளே இருக்கும்போது பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிடாதீர்கள். கையொப்பம் பொருந்தாத படிமத்தைப் பூட்டிய பூட்லோடர் ஏற்காது, போன் எழவே எழாது. முதலில் ஆண்ட்ராய்டை முழுசாக ஏற்றி, அது ஒருமுறை ஒழுங்காகத் திறந்த பிறகே பூட்டுங்கள்.